கிறிஸ்தியானின் மனைவியை யார் கேட்டார்கள்?

முதுகில் மூட்டையோடு ஒருத்தன் ஓடுகிறான். மனைவியும் பிள்ளைகளும் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள். அவனோ இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு, நித்திய ஜீவன் வேண்டும் என்று கூவியபடி திரும்பியே பார்க்காமல் ஓடிவிடுகிறான். ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' (1678) இப்படித்தான் தொடங்குகிறது. எங்கள் வீட்டு அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்திலேயே இருந்த புத்தகம். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) இதைத் தழுவியதுதான்.

சண்டே ஸ்கூலில் இந்தக் காட்சியை விசுவாச வீரமாகச் சொல்லித்தந்தார்கள். போன மாசம் திரும்பப் படித்தேன். காரணம் இருக்கு: என் மகன் ஆறு மாதமாகச் சர்ச்சுக்கு வரமாட்டேன் என்கிறான். இந்தத் தடவை என் கண் ஓடுகிறவன் மேல் நிற்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டு நின்றவர்கள் மேல்தான் நின்றது.

அன்பு கேட்ட கேள்வி

வழியில் அலங்கார மாளிகையில், அன்பு என்ற பெண் கிறிஸ்தியானிடம் நேராகக் கேட்கிறாள்: குடும்பத்தை ஏன் கூட்டி வரவில்லை? அவன் அழுகிறான். சொன்னேன், கெஞ்சினேன், ஜெபம் பண்ணினேன், கேட்கவில்லை என்கிறான். அவள் விடவில்லை. வாயால் சொன்னதை உன் நடத்தையால் நீயே கெடுத்துவிட்டாயா என்கிறாள்.

புத்தகத்திலேயே கூர்மையான கேள்வி இதுதான். முதல் பதிப்பில் இந்த உரையாடல் கிடையாது. பனியன் பின்னால் சேர்த்தார். ரிலீஸ் ஆன பிறகு ஓட்டை கண்ணில் பட்டு நாங்கள் பேட்ச் போடுவோமே, அந்த மாதிரி.

ஆனால் ஓட்டை முழுசா அடைபடவில்லை. என் குறைகள் எனக்குத் தெரியும், ஆனாலும் கவனமாகத்தான் நடந்தேன், நான் அளவுக்கு மீறிக் கண்டிப்பாக இருப்பதாகத்தான் அவர்கள் குறைப்பட்டார்கள் என்கிறான் கிறிஸ்தியான். அன்பு அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறாள். காயீனை உதாரணம் காட்டி, அவர்கள் இரத்தப்பழி உன்மேல் இல்லை என்று விடுவித்தும் விடுகிறாள். விசாரிக்கப்பட்டவனே சாட்சி, அவன் ஒருத்தன் மட்டுமே சாட்சி. மனைவியை யாரும் கேட்கவில்லை.

பனியனுக்கு இது வெறும் கதை இல்லை. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660-இல் கைதாகி, பெட்ஃபர்டில் 12 வருஷம் சிறையில் இருந்தார். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். வெளியே இரண்டாம் மனைவி எலிசபெத்தும், முதல் மனைவியின் நான்கு பிள்ளைகளும். மூத்தவள் மேரிக்குக் கண் தெரியாது. அன்பு கேட்டது, அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆறு வருஷம் கழித்து

1684-இல் இரண்டாம் பாகம் வந்தது. கிறிஸ்தியான் ஆற்றைக் கடந்து போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது மனைவி கிறிஸ்தியானா நான்கு பையன்களோடு புறப்படுகிறாள். ராஜாவிடமிருந்து அழைப்புக் கடிதம் வருகிறது; ஆனால் அதற்கு முன்பே அவள் மனசு உடைந்துவிட்டது. அவன் சொன்ன வாதங்களைவிட, அவன் விட்ட பெருமூச்சும் கண்ணீரும்தான் அவளைத் துளைக்கின்றன. அன்றைக்குப் பைத்தியமாகத் தெரிந்த அதே வாழ்க்கை, ஆள் போன பிறகு வேலை செய்கிறது.

அவள் கிளம்பும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள். பயந்தவள் ஒருத்தி, ஏசிவிட்டுத் திரும்புகிறாள். இரக்கம் என்ற இளம்பெண் கொஞ்ச தூரம் துணைக்கு வருகிறேன் என்று நடக்க ஆரம்பித்து, திரும்பவே இல்லை. ஒரே வீடு, ஒரே காட்சி, இரண்டு முடிவு. நாம் வாழ்ந்து காட்டினால் வீட்டார் தானாக வந்துவிடுவார்கள் என்று பிரசங்கங்களில் கேட்கிறோமே, அந்த உத்தரவாதத்தைப் பனியன் தரவில்லை. இது அவருடைய நேர்மை.

இன்னொன்று, இந்தப் பாகத்தில் யாரும் காதை அடைத்துக்கொண்டு ஓடுவதில்லை. ஊன்றுகோல் ஊன்றி வருகிறவருக்காக, மனத்தெம்பு இல்லாதவருக்காக, கூட்டமே நடையைக் குறைத்துக்கொள்கிறது.

குறை என்னவென்றால், கிறிஸ்தியானாவுக்குக் குரல் கிடைத்தும் அவள் தன் தப்பை மட்டுமே சொல்கிறாள். அன்பு கேட்டதற்கு அவள் பக்கத்துப் பதில் கடைசிவரை வரவில்லை. கணவன் எழுதிய மனைவிதான் அவள்.

வெயிலில் உட்கார்ந்திருந்தவர்கள்

இரண்டு பாகத்தையும்விட நல்ல பதில், சிறையில் இருந்தபோது 1666-இல் வெளியான பனியனின் தன்வரலாற்றில் இருக்கு. முதல் மனைவியின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. கல்யாணத்தின்போது தட்டு, கரண்டிகூட இல்லாத ஏழ்மை. அவள் கொண்டுவந்தது அப்பா விட்டுப்போன இரண்டு பக்திப் புத்தகங்கள். அப்பா எவ்வளவு ஒழுங்காக வாழ்ந்தார் என்று அடிக்கடி சொல்வாளாம். அதைக் கேட்டு பனியன் சர்ச்சுக்குத் தவறாமல் போக ஆரம்பித்தார். பழக்கம் மாறியது, உள்ளே மாறவில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார்.

பிறகு ஒருநாள், பாத்திரம் பழுதுபார்க்கிற தன் தொழிலுக்காகப் பெட்ஃபர்ட் போனார். அங்கே ஒரு வாசலில் ஏழைப் பெண்கள் மூன்று நான்கு பேர், வெயிலில் உட்கார்ந்து, கடவுள் தங்களுக்குள் செய்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்தி விஷயத்தில் இவரும் வாய்ப்பேச்சில் கெட்டிக்காரர்தானே, பக்கத்தில் போய் நின்றார். ஒன்றும் புரியவில்லை. அவர்கள் சந்தோஷம் மட்டும் புரிந்தது. அவர்கள் இவருக்காகப் பேசவில்லை. இவர்தான் திரும்பத் திரும்ப அவர்களைத் தேடிப் போனார்.

மாமனார் அவருக்கு முன்மாதிரியாக எடுத்துச் சொல்லப்பட்டவர். அந்தப் பெண்கள் யாருக்கும் முன்மாதிரியாக இருக்க முயற்சி பண்ணவில்லை. வித்தியாசம் இங்கேதான் இருக்கு என்று நினைக்கிறேன். 'வாழ்ந்து காட்டுவது' என்கிறோம். பாதி நேரம் 'காட்டுவது'தான் நடக்கிறது. வெளியாள் நம்பலாம். ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

அன்பு கேட்ட கேள்வியை என்மேல் போட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரமாச்சு நேரமாச்சு என்று எல்லாரையும் கத்தி, வழி முழுக்க ஹாரன் அடித்து, சர்ச் வாசலில் சிரித்த முகத்தோடு ஸ்தோத்திரம் சொல்லி இறங்குகிற அப்பாவைத்தான் என் மகன் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறான்.

தினமும் அவனுக்கு வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் நிறுத்திவிட்டேன். கிறிஸ்தியானாவிடம் யாரும் கேட்காததை நான் அவனிடம் கேட்கணும்: நான் சொன்னதை நானே கெடுத்துவிட்டேனாடா? இன்னும் கேட்கவில்லை. பதில் என்ன வரும் என்ற பயம்தான்.