‘கற்கத்தக்கவர்’ என்னும் சொல்

ஒரு சட்டத்தின் உள்ளக்கிடக்கையை அறிய, அதன் முகவுரையைக் காட்டிலும் அதன் சொல்விளக்கப் பகுதியே பெரிதும் துணைபுரியும். மலேசியாவின் 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகளில் இடம்பெற்ற ‘கற்கத்தக்கவர்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். பிறர் உதவியின்றித் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயன்றவராகவும், தேசியக் கல்வித் திட்டத்தைப் பயிலவல்லவர் என ஒரு குழுவால் உறுதிசெய்யப்பட்டவராகவும் இருக்கும் மாணவரையே அச்சொல் குறித்தது. அக்குழுவில் மருத்துவரும், கல்வி அமைச்சின் அலுவலரும், சமூகநலத் துறையின் அலுவலரும் இடம்பெற்றனர். பெற்றோருக்கு அதில் இடமில்லை.

இவ்வரையறையில் இரு குறைகள் உள. உண்ணலும், உடுத்தலும், கழிவறைக்குச் சென்று வருதலும் சில பிள்ளைகளுக்குப் பொறுமையோடு கற்பிக்கவேண்டிய பாடங்கள். அவற்றைக் கற்றுக்கொண்டு வந்தால்தான் பள்ளியில் இடம் என்பது, நோய் தீர்ந்தபின் மருத்துவமனைக்கு வா என்பதை ஒக்கும். இரண்டாவதாக, பிள்ளை எதைக் கண்டு அஞ்சும், எவ்வாறு சொன்னால் புரிந்துகொள்ளும் என்பதை அல்லும் பகலும் உடனிருந்து அறிந்தவர் பெற்றோரே. அவர்தம் அறிவை அவ்விதி பொருட்படுத்தவில்லை.

காலம் மாறியது. உடற்குறையைக் காரணங்காட்டி எவரையும் பொதுக்கல்வி அமைப்பினின்றும் விலக்கலாகாது என 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் உரைத்தது. எனினும், மீறுவோர்க்குத் தண்டனை விதிக்கும் பிரிவு எதுவுமின்றியே அச்சட்டம் இயற்றப்பட்டது. 1997ஆம் ஆண்டு விதிமுறைகளுக்கு மாற்றாக 2013இல் புதிய விதிமுறைகள் வந்தன. அவை மூன்று மாதங்களுக்கு மேற்படாத தகுதிகாண் காலத்தை வகுத்தன. சொல் மறைந்தும் அதன் நிழல் மறையவில்லை. அம்மூன்று மாதங்களிலும் ஆராயப்படுபவர் மாணவர் மட்டுமே. பள்ளியின் ஆயத்தநிலையை ஆராய்வார் இலர். எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கை 2019இல் நடைமுறைக்கு வந்தபின்னும், ஏட்டில் உள்ள உரிமையைப் பள்ளி வாயிலில் கேட்டுப் பெறும் பொறுப்பு பெற்றோரின் தோளிலேயே சுமத்தப்பட்டுள்ளது.

தமிழ்ப் பெற்றோர்க்கு இச்சுமை இரட்டிப்பாகின்றது. சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்பு இல்லாத தமிழ்ப்பள்ளியை அடுத்து வாழும் குடும்பம், பிள்ளைக்கு ஏற்ற வகுப்பா, தாய்மொழியா என இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குத் தள்ளப்படுகின்றது. பேசுவதற்கே இடர்ப்படும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் மற்றொரு மொழியும் என்றாகிவிட்டால், அதன் இழப்பு சிறிதன்று.

இத்தகைய பெற்றோர் பள்ளிக்கு வந்து கேள்வி கேட்கும்போது அவரை வம்புக்காரர் என எண்ணும் மனப்பான்மை ஆசிரியரிடம் ஆங்காங்கே காணப்படுகின்றது. இது வருந்தத்தக்கது. அவர் கேட்பது சலுகையன்று; சட்டம் ஒப்புக்கொண்ட உரிமை. பிள்ளைக்கெனத் தனியாள் கல்வித் திட்டம் வகுக்கப்படும்பொழுது பெற்றோரை அருகமர்த்தி, அவர் கூறுவதை எழுத்தில் பதிந்து, எட்டவேண்டிய இலக்கை அவருக்குப் புரியும் மொழியில் விளக்குதல் ஆசிரியர் கடன். வெறும் கையொப்பம் பெறுவதற்காக மட்டும் பெற்றோரை அழைக்கும் பள்ளி, 1997இன் குழுவைப் போலவே அவரை வெளியே நிறுத்துகின்றது.

விதிமுறையினின்றும் ஒரு சொல்லை நீக்க அரசாணை போதும். ஆசிரியர் உள்ளத்தினின்றும் அச்சொல்லை நீக்க, ஆசிரியரே முயலவேண்டும்.