தொடுகை என்பது எவ்வளவு தூரம்?

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களின் விழா மலர்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அறிவியல் பகுதி என்று ஒன்று இருந்தால் அதில் பெரும்பாலும் ஜி. என். ராமச்சந்திரன் இருப்பார். 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தார், சர் சி. வி. ராமனிடம் பயின்றார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டார், 2001-இல் மறைந்தார், நோபல் பரிசு கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை. அவ்வளவுதான் கட்டுரை. அந்த மனிதர் அப்படி என்னதான் செய்தார் என்று வீட்டுப் பிள்ளை கேட்டால் சொல்ல நமக்கு ஒன்றும் இருக்காது. புகழ்ச்சி இருக்கிறது, பொருள் இல்லை என்பது என் முதல் குறை. இரண்டாவது குறை, இன்று கணினியில் புரதங்களை ஆராயும் நம் இளைஞர்கள் மேல். அதைப் பின்னால் சொல்கிறேன். நான் பாத்திர வியாபாரி, கல்லூரியில் படித்தவனல்லன். கடை அடைத்த பிறகு படித்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

எச்சமும் தொடுகையும்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இரண்டு அமிலங்கள் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறிவிடும். மிச்சம் நிற்பதற்கு ‘எச்சம்’ என்று பெயர். புரதத்தை மணிமாலை என்று உவமை சொல்வது வழக்கம். அந்த உவமை பாதிதான் சரி. மாலையில் அடுத்த மணிதான் பக்கத்து மணி. புரதமோ மடிந்து சுருண்டு விடுவதால், பத்தாவது எச்சமும் எண்பதாவது எச்சமும் தோளோடு தோள் உரசி நிற்கலாம். அந்த உரசல்தான் தொடுகை. புரதத்தின் உருவமும், அந்த உருவத்தால் ஆகும் வேலையும் பெரும்பாலும் இந்தத் தொடுகைகளால்தான் நிலைக்கின்றன.

அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 எச்சங்கள். அதில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். நோயாளிக்கு அங்கே வேலின் இருக்கிறது. ஆக்சிஜனை இறக்கி வைத்த நிலையில், அந்த வேலின் அடுத்த மூலக்கூறுக்குப் போய், 85-ஆவது ஃபீனைல்அலனினும் 88-ஆவது லியூசினும் அமைத்திருக்கும் நீர் ஒட்டாத பள்ளத்தில் பொருந்திக்கொள்கிறது. இருக்கக் கூடாத தொடுகை அது. அதனால் மூலக்கூறுகள் கயிறாகத் திரிகின்றன, சிவப்பணு அரிவாளாக வளைகிறது, குழந்தை வலியில் துடிக்கிறது. ஆகவே தொடுகைக் கணக்கை ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

ராமச்சந்திரன் செய்தது என்ன?

1954-இலும் 1955-இலும் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ‘நேச்சர்’ இதழில் கொலாஜன் அமைப்பை வெளியிட்டார்கள். அதே 1955-இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் மறுப்புச் சொன்னார்கள். உங்கள் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் வாதம். மூன்று எச்சங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று இவர்கள் சொன்னதை அவர்கள் ஒன்றாகக் குறைத்தார்கள்.

நம்மவர் எழுதும்போது இந்த இடத்தை ‘ஓரவஞ்சனை’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. 1994-இல் கொலாஜன் போன்ற ஒரு சிறு சங்கிலியின் படிக அமைப்பு வெளிவந்தபோது, நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்று தெரிந்தது. அந்தப் புள்ளியில் ரிச்சும் கிரிக்கும் சொன்னது சரி. அதே சமயம், மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு என்ற ராமச்சந்திரனின் அடிப்படையும் நிலைத்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவர் பெருமை குறையாது, கூடத்தான் செய்யும். ஏனென்றால் அவர் மறுப்பைக் கேட்டுவிட்டுச் சண்டைக்குப் போகவில்லை, அளக்கப் போனார். அளவுக்கு மீறிய நெருக்கம் என்றால், அந்த அளவு எது?

அதுவரை வெளிவந்த சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளைத் திரட்டி, பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு கிட்டே வருகின்றன என்று அவரும் கூட்டாளிகளும் பட்டியலிட்டார்கள். அலகு ஆங்ஸ்ட்ராம், ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. ஒவ்வொரு ஜோடிக்கும் வழக்கமான எல்லை ஒன்று, கடைசி எல்லை ஒன்று என இரண்டு வைத்தார்கள். கார்பனும் கார்பனும் என்றால் 3.2, விட்டுக்கொடுத்தால் 3.0. ஹைட்ரஜன் இரண்டுக்கு 2.0, விட்டுக்கொடுத்தால் 1.9. இந்த எல்லைகளை வைத்துக்கொண்டு, சங்கிலியின் இரண்டு திருப்பு கோணங்களை எப்படியெல்லாம் திருப்பினால் அணுக்கள் மோதாது என்று கணக்கிட்டு, சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் வெளியிட்டதுதான் ‘ராமச்சந்திரன் வரைபடம்’. புதிதாகக் கண்ட புரத அமைப்பு சரியா என்று பார்க்க உலகமெங்கும் இன்றும் அதைத்தான் விரிக்கிறார்கள்.

இதில் நான் வியப்பது வரைபடத்தைவிட அந்த இரட்டை எல்லையைத்தான். கோட்டை எங்கே போட்டேன், எவ்வளவு விட்டுக்கொடுத்தேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொன்னார்.

எட்டு ஆங்ஸ்ட்ராம்

இப்போது இரண்டாவது குறைக்கு வருகிறேன். புரத அமைப்புக் கணிப்புப் போட்டிகளில், இரண்டு எச்சங்களின் பீட்டா கார்பன்கள் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை என்று வைத்துக்கொண்டார்கள். கணக்குக்கு வசதி, தவறில்லை. ஆனால் மாணவர் சிலர், ‘இப்புரதத்தில் இத்தனை தொடுகைகள்’ என்று எழுதும்போது எந்த அளவுகோல் என்றே சொல்வதில்லை. கேட்டால், “எல்லாரும் எட்டுதான் சார் போடறாங்க” என்கிறார்கள்.

எட்டுக்குள் இருந்தும் பக்கக்கிளைகள் எதிரெதிர்த் திசையில் திரும்பியிருந்தால் அவை தொடுவதே இல்லை. ஆர்ஜினின் போன்ற நீண்ட கை உள்ள எச்சமோ, எட்டுக்கு அப்பால் நின்றும் குளுட்டாமிக் அமிலத்தோடு உப்புப் பாலம் கட்டிவிடும். கிளைசினுக்கு பீட்டா கார்பனே கிடையாது. ஆல்பா கார்பனை வைத்துச் சமாளிக்கிறார்கள். ஆல்பா கார்பனையே எல்லாவற்றுக்கும் அளவாகக் கொண்டால் வேறு சிக்கல். சங்கிலியில் அடுத்தடுத்த எச்சங்களின் ஆல்பா கார்பன்கள் வழக்கமாக 3.8 ஆங்ஸ்ட்ராமில்தான் இருக்கும். சுருளில் நான்கு இடம் தள்ளியவையும் சுமார் 6-இல் வந்துவிடும். இவற்றை நீக்காமல் எண்ணினால் மடிப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது. எல்லையை எட்டிலிருந்து பத்தாக்கினால் தொகையும் வீங்கும். முத்திரையில்லாத எடைக்கல்லில் நிறுத்துவிட்டு பில் போடுவது போன்ற வேலை இது.

இது வெறும் சம்பிரதாயக் குறை அல்ல என்பதற்கு நடந்த வரலாறே சாட்சி. 2018-இல் ஆல்ஃபாஃபோல்ட் அந்தப் போட்டியில் முந்தியது எதனால்? தொடுகிறதா, இல்லையா என்று கேட்பதோடு நிற்காமல், ஒவ்வொரு ஜோடிக்கும் எந்தெந்தத் தூரம் எவ்வளவு சாத்தியம் என்று கணித்தது ஒரு முக்கியக் காரணம். 2020-இல் வந்த அடுத்த வடிவம் இன்னும் மேலே போனது. 2024-இல் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் டேவிட் பேக்கருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆம், இல்லை என்ற ஒற்றைக் கோட்டைத் தாண்டியவர்களுக்குத்தான் வழி திறந்தது. ஒரு கோடு போதாது என்று இரண்டு கோடு போட்ட ராமச்சந்திரனுக்கு அந்த எண்ணம் அந்நியமாக இருந்திருக்காது.

ஆகவே இரண்டு விண்ணப்பங்கள். மலர்க் குழுவினர் அடுத்த முறை ராமச்சந்திரனைப் பற்றிக் கட்டுரை வாங்கினால், கிடைக்காத பரிசுக்கு ஒரு வரி போதும். அவர் அளந்த தூரங்களுக்கு ஒரு பக்கம் கொடுங்கள். ஆராய்ச்சியில் இருக்கும் நம் பிள்ளைகள் தொடுகைகளை எண்ணும்போது, எந்த அணுவிலிருந்து எந்த அணுவுக்கு, எத்தனை ஆங்ஸ்ட்ராம், எதை நீக்கினோம் என்பதைத் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். எல்லையைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முடிவு அப்போதும் மாறாமல் நின்றால், அதைத் தைரியமாக வெளியிடலாம்.