உடன்பிறப்பு எனும் அறமும் ஆடவர் சங்கமும்

‘சகோதரர்’ என்ற சொல்லின் பொருள் ஒரே வயிற்றிற் பிறந்தோர் என்பதாகும். தாயின் வயிற்றை அடியாகக் கொண்ட இச்சொல்லே, ஆடவர் சங்கங்கள் தம் தலையாய விழுமியமாகக் கூறும் உணர்வைக் குறிக்கத் தமிழில் வழங்குகின்றது. 1723 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியான பிரீமேசன் சங்கத்தின் யாப்பு, சமய வேற்றுமை கடந்த சகோதரத்துவத்தைப் போற்றியது. அதே யாப்பு அடிமைகளையும் பெண்களையும் உறுப்பினராக ஏற்க மறுத்தது. சகோதரத்துவத்தை உலகறியச் செய்த பிரெஞ்சுப் புரட்சியின் ஆட்சியினர், 1793 இல் பெண்களின் சங்கங்களைத் தடைசெய்தனர். இம்முரண்பாடு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. வன்னிப் பெருநிலப்பரப்பின் கிராமச் சங்கங்களை நோக்குமிடத்து, அது வேறொரு வடிவில் வெளிப்படுவதைக் காணலாம்.

நெளுக்குளம், பண்டாரிகுளம், வேப்பங்குளம் என வவுனியாவின் ஊர்கள் பல குளத்தைத் தம் பெயரிலேயே தாங்கியுள்ளன. குளம் தனியொருவரால் காக்கப்படக்கூடியதன்று. அணைக்கட்டு உடையுமாயின் அனைவரது வயலும் அழியும். வாய்க்கால் தூருமாயின் கடைவயலுக்கு நீர் எட்டாது. ஆதலால் கூடி உழைத்தலும் கூடி முடிவு செய்தலும் இங்கு வாழ்வின் நிபந்தனைகளாயின. விதானைமாரின் மேற்பார்வையில் நடந்த நீர்ப்பங்கீடு, 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தின் பின் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் சென்றது; 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்க் கமக்காரர் அமைப்புகள் அப்பணியில் பங்கு வகிக்கின்றன.

இவற்றோடு கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். 1977 ஆம் ஆண்டின் வன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்தோரும், பின்னைய போர்க்காலத்திற் பல திசைகளிலிருந்து இடம்பெயர்ந்தோரும் வவுனியாவிற் குடியேறினர். பழைய ஊரின் சுற்றத்தை இழந்தோருக்குச் சங்கமே சுற்றமாயிற்று. வீதி திருத்தும் சிரமதானத்திலும் சாவீட்டின் சுமையிலும் உறவல்லாதவர் உறவினராக நின்றனர். இரத்த உறவைக் கடந்து உடன்பிறப்புணர்வை வளர்த்தமை இச்சங்கங்களின் உண்மையான சாதனை எனலாம். அதனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

ஆயினும், இவ்வுடன்பிறப்பின் எல்லை எது என்ற வினா எழுகின்றது. பெண்களுக்கென ‘மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்’ தனியே உண்டு. மற்றதற்கு ‘ஆடவர்’ என்ற அடைமொழி இல்லை. அது வெறுமனே ‘கிராம அபிவிருத்திச் சங்கம்’ எனப்படுகின்றது. நடைமுறையில் அது பெரிதும் ஆண்களின் சங்கமாக இருந்தும் கிராமம் முழுவதன் பெயரைத் தனதாக்கிக் கொள்கின்றது. இங்ஙனம் ஒரு பகுதி முழுமையாகவும், மறு பகுதி முழுமையின் ஒட்டாகவும் கருதப்படும் நிலை பெயரிலேயே பதிந்துள்ளது.

கமக்காரர் அமைப்பில் இம்முரண் மேலும் கூர்மையடைகின்றது. உறுப்பினர் ஆணாக இருத்தல் வேண்டும் எனச் சட்டம் கூறவில்லை. சீதனமாகக் காணி பெண்ணின் பெயருக்கு வருவதும் தமிழரிடை வழக்கமாகும். எனினும் காணி மனைவியின் பெயரில் இருக்க, பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் கணவரே அமர்வதைப் பெரும்பாலானோர் இயல்பாகக் கொள்கின்றனர். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. குடியேற்றக் காணிகளின் உரிமைவழியில் மகனை மகளுக்கு முன் வைத்த 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022 இலேயே திருத்தப்பட்டது. சட்டத்தின் இப்பழக்கம் சங்கத்தின் பழக்கமாகவும் வேரூன்றியதில் வியப்பில்லை.

2009 இற் போர் முடிந்தபின் இது வெறும் மரபுப் பிரச்சினையாக இல்லை. கணவனை இழந்தும், காணாமலாக்கப்பட்டவரைத் தேடியும் குடும்பத்தைத் தனித்துச் சுமக்கும் பெண்கள் வன்னியிற் பலராவர். துருசு எப்போது திறக்கப்படும், சிறுபோகத்தில் எவ்வளவு நிலம் விதைக்கப்படும் என்னும் முடிவுகள் அவர்களது அடுப்பைத் தீர்மானிக்கின்றன. கூட்டத்திற் பேச அவர்களுக்குக் கணவன் இல்லை. பேசும் வழக்கத்தைச் சங்கமும் அவர்களுக்கு அளிக்கவில்லை.

தனிச் சங்கமே பெண்களுக்குப் பாதுகாப்பு என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. பொதுக் கூட்டத்தில் வாய்திறவாத பெண், மாதர் சங்கத்திற் கணக்கு வாசிக்கவும் கருத்து மறுக்கவும் பயில்கின்றாள். அச்சங்கத்தைக் கலைத்து ஒன்றாக்கினால் அவள் மீண்டும் பின்வரிசைக்கே தள்ளப்படக்கூடும். ஆனால் சேமிப்பும் தையலும் ஒரு பக்கமாகவும், குளமும் வீதியும் மறுபக்கமாகவும் விடயங்களையே பிரித்தல் பாதுகாப்பாகாது. தனிச் சங்கம் பேசப் பயிலும் இடமாக இருக்கலாம். முடிவெடுக்கும் இடத்திற்கு அது மாற்றாகாது.

ஆகவே வேண்டப்படுவது சங்கங்களின் அழிவன்று. காணிக்கு உரியவரின் பெயரே உறுப்பினர் பதிவேட்டில் இடம்பெறுதலும், குளம் பற்றிய முடிவுகளை இரு சங்கங்களும் கூடியே எடுத்தலும், பெண்கள் வரத்தக்க நேரத்திற் கூட்டத்தை வைத்தலும் எளிய செயல்களாகும். குளத்து நீர் உரியவர் ஆணா பெண்ணா என நோக்கி வயலுக்குப் பாய்வதில்லை. அந்நீரைப் பங்கிடும் சங்கம், தன் அறத்திற்குப் பெயர் தந்த தாயையும் உறுப்பினராக ஏற்கும்போதே உடன்பிறப்பு என்னும் சொல்லுக்கு உரியதாகும்.