சீறடியும் சிலம்பும்

பெண்ணடி மீது ஆடவர் கொள்ளும் மோகத்துக்குச் சிறுபருவ அச்சமே வித்து என 1927இல் சிக்மண்ட் புரொய்ட் எழுதினார். தமிழிலக்கியச் ‘சீறடி’க்கு இத்தனிமனித விளக்கம் போதாது. சிறுத்துச் சிவந்ததாய்ப் புனையப்படும் அவ்வடி சேற்றில் நாற்று நட்டதன்று. உழைப்பினின்று விலக்கப்பட்ட செல்வமனையின் அடி. 1912இல் தடைசெய்யப்பட்ட சீனத்துப் பாதம் கட்டும் வழக்கமும் உயர்குடியினரிடையே தோன்றியதே.

இளங்கோ இதனை நன்கறிந்தவர் போலும். அந்திமாலையில், கணவனைப் பிரிந்து சிலம்பணியாது வாடிய கண்ணகியின் அடியைக் காட்டியவர், பின்னர் அவ்வடியையே மதுரை வரை நடத்தி வருத்துகிறார். வழக்குரை காதையிலோ, அடிக்கு அழகூட்டிய அணி கையேறி வழக்கின் சான்றாகிறது.

வினாயகபுரத்துக்கு அண்மையிலுள்ள தம்பிலுவில் உட்பட, கிழக்குக் கரையெங்கும் கண்ணகை அம்மன் கோயில்கள் உள்ளன. வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை பாடும் மரபு இக்கரைக்குரியது. வயற்சேற்றில் கால் பதித்த மக்கள் அங்கே பணிவது சீறடியை அன்று. நீதி கேட்க நடந்த அடியை.