இழுத்துப் பிடித்து உலர்த்தும் சீப்பு

மெல்லிய, எளிதில் பறட்டையாகும் கூந்தலை வீட்டிலேயே படிய வைக்க ஹாட் ஏர் பிரஷ் நல்ல கருவி. முடியிலுள்ள கெரட்டின் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் நனைந்தால் நெகிழும். உலரும்போது இழை எந்த வடிவில் இருக்கிறதோ, அதிலேயே மீண்டும் இறுகும். வெறும் டிரையரில் முடி நாலாபக்கமும் பறந்தபடி உலர்கிறது. பிரஷ்ஷோ இழையை நீட்டிப் பிடித்தபடியே சூடான காற்றை விடுகிறது. தேவை பழையதுதான். பாண்டிய நாட்டு வாடைக்காலத்தைப் பாடும் நெடுநல்வாடையிலேயே பெண்கள் கூந்தலுக்கு அகில் புகையூட்டும் காட்சி வருகிறது. மணத்தோடு இளஞ்சூடும் தந்த அந்தப் புகையின் வழியில்தான் இன்றைய சாம்பிராணியும் வருகிறது. புகையால் முடியாத வாரும் வேலையையும் இந்தக் கருவி சேர்த்துச் செய்கிறது.

சூடு முடியைக் கெடுக்காதா? அளவு மீறினால் கெடுக்கும். சொட்டும் ஈரத்தில் கடுஞ்சூடு பட்டால் நீர் ஆவியாகி இழைக்குள்ளேயே குமிழிகள் உண்டாகும். அதனால் துண்டால் ஒற்றி, முக்கால்வாசி உலர்ந்தபின் குறைந்த சூட்டில் வார வேண்டும்; மெல்லிய இழைக்கு அதுவே தாராளம். தேங்காய் எண்ணெய் பறட்டையை அடக்கும், ஆனால் மெல்லிய முடியை மண்டையோடு ஒட்ட வைத்துவிடும். ஐப்பசி மழையில் ஈரக்காற்று இந்த ஒழுங்கைக் கலைத்துவிடும் என்பதும் உண்மையே. ஆனால் நிரந்தரமாக நேராக்கும் ரசாயன முறைகள் பலவும் டைசல்பைடு பிணைப்புகளையே உடைப்பவை. அடுத்த குளியலில் முடியை அதன் இயல்புக்கே விட்டுவிடும் கருவியை அதற்காகவே விரும்பலாம்.