பிரபலம் என்னும் சொல்

பளைக் கடைத்தெருவில் ஒரு தேநீர்க்கடை. மேசையிற் கிடந்த பத்திரிகையைப் புரட்டினோம். ஒரு பக்கத்தில் "பிரபல போதைப்பொருள் வியாபாரி" கைதாகிறார். மறுபக்கத்தில் "பிரபல எழுத்தாளர்" பாராட்டப்படுகிறார். இருவருக்கும் ஒரே அடைமொழி! இது தனியொரு நிருபரின் பிழையன்று; பத்திரிகைத் தமிழிலே வேரோடிவிட்ட வழக்கு.

ஆங்கிலத்தில் இதற்கு இரு சொற்கள் உண்டு. நற்பெயர் பெற்றவரைப் 'பேமஸ்' என்பர்; தீமையால் அறியப்பட்டவரை 'நொட்டோரியஸ்' என்பர். பின்னதன் வேர் 'அறியப்பட்டது' என்று பொருள்படும் லத்தீன் சொல். 16ஆம் நூற்றாண்டில் 'யாவரும் அறிந்த' என்ற அளவிலும் அது வழங்கியது. தீயோர் பெயரோடு ஓயாது சேர்ந்து வந்தமையால், 17ஆம் நூற்றாண்டிலிருந்து அதன்மேல் கறை படிந்தது. அக்கறை சமுதாயம் அளித்த தீர்ப்பு.

இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. திருக்குறளில் 'ஈகை'யை அடுத்தே 'புகழ்' அதிகாரம் வருகிறது. அங்கே இசைக்கு எதிரே வசை நிற்கிறது. கீர்த்திக்கு எதிராக அபகீர்த்தியும் உண்டு. பேச்சுவழக்கில் 'பேர்போன ஆள்' என்பது மெச்சுதலாகவும் நையாண்டியாகவும் ஒலிக்கும். சொல்பவரின் குரல் பொருளைக் காட்டிவிடும். அச்செழுத்துக்குக் குரல் ஏது? 'பிரபலம்' என்ற வடசொல்லின் மூலப்பொருளோ மிகுந்த வலிமை. வலியவனையும் மதிப்புக்குரியவனையும் ஒரே சொல்லாற் சுட்டும் வழக்கம் யாருக்கு வசதி என்பதை வாசகர் அறிவர்.

நாம் அமர்ந்திருந்த பளையையே எடுத்துக்கொள்வோம். தென்னைக்குப் பேர்போன ஊர் இது. ஆயினும் 2009இல் யுத்தம் முடியும்வரை, இவ்வூரும் அயலிலுள்ள முகமாலையும் வெளியுலகுக்குப் போர்முனைப் பெயர்களாகவே அறிமுகமாயின. பின்னர் முகமாலை மண்ணில் முழங்காலிட்டு, சாண் சாணாகக் கிளறிக் கண்ணிவெடி அகற்றியவர்களுள் பெண்கள் பலர். அவர்களுள் ஒருவரைத்தானும் எப்பத்திரிகையும் 'பிரபல' என்று அழைத்து நாம் கண்டதில்லை.

அப்படி அழைக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வலிமையைக் குறிக்கும் அச்சொல் அவர்களுடைய உழைப்புக்குப் பொருந்தாது. நாம் வேண்டுவது இவ்வளவே: கொடுமை நிரூபிக்கப்பட்டவனைப் 'பேர்கெட்டவன்' என்று துணிந்து எழுதுங்கள், குற்றம் இன்னும் தீர்க்கப்படாதவனாயின் அடைமொழியே வேண்டாம். அவன் அஞ்சப்படுகிறான் என்பதற்காகப் 'பிரபல' என்ற சால்வையை அவன் தோளிற் போர்த்தாதீர்கள்.

பிறர் கால் வைத்து நடப்பதற்காகத் தம் உயிரைப் பணயம் வைத்தவர்களின் உழைப்பே ஈகை. புகழ் என்ற சொல் அவர்களுக்காகவே நம் மொழியில் இருக்கிறது.