இன்னும் தீராதவர்களின் சாட்சி

ஜொகூர் தமிழ்ச் சபைகள் பலவற்றில், பாடல் வேளை முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்குள் சாட்சி நேரம் ஒன்று உண்டு. இரண்டு மூன்று பேர் முன்னே வருவார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, சுகம் கிடைத்ததை, சிங்கப்பூரில் வேலை அமைந்ததை, மகன் எஸ்.பி.எம். தேர்வில் தேறியதைச் சொல்வார்கள். சபை ஆமென் சொல்லும். பால்மரம் வெட்டியவரின் மகள் ஒலிவாங்கியைப் பிடித்துத் தன் வாழ்க்கையைத் தானே எடுத்துச் சொல்லும் இடம் நம் சமூகத்தில் வேறெங்கும் எளிதாகக் கிடைத்ததில்லை. அந்த நேரத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனாலும் அங்கே எழுந்து வராதவர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர், குடியை விட்டதாகச் சாட்சி சொல்லிவிட்டு மறுபடி விழுந்தவர், ஆலோங் எனப்படும் கந்துவட்டிக்காரரிடம் கடன் வாங்கியதை மனைவியிடம்கூடச் சொல்லாதவர். இவர்கள் சொல்ல வேண்டியது சாட்சியில் சேராது என்று யாரும் சட்டம் போடவில்லை. நடைமுறை அப்படி ஆகிவிட்டது. உடைந்த நிலையிலேயே நின்று பேசுவதும் விசுவாசம்தான் என்பதை நம் மரபின் பழைய பள்ளிகள் அறிந்திருந்தன. அவற்றை இங்கே ஒருமுறை சுற்றிப் பார்க்கிறேன்.

வேதத்திலேயே தொடங்கலாம். பத்சேபாள் விஷயத்தில் நாத்தான் வந்து கண்டித்தபின் தாவீது பாடியதாகத் தலைப்பிட்டிருப்பது 51ஆம் சங்கீதம். அதே தலைப்பு அதை இராகத் தலைவனிடம் ஒப்புவிக்கிறது. ஓர் அரசனின் அவமானம் ஆலயத்தில் பலரும் சேர்ந்து பாடும் பாட்டாயிற்று. சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். அவற்றில் பெரும்பாலானவை முடிவதற்குள் நம்பிக்கையின் பக்கம் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்பாது, இருளிலேயே முடியும். அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. பவுலும் தன் சரீரத்தில் இருந்த முள் நீங்க மூன்று முறை வேண்டினார். அது நீங்கவில்லை என்பதைக் கொரிந்து சபைக்கு ஒளிக்காமல் எழுதினார். 400ஆம் ஆண்டையொட்டி அகுஸ்தீன் எழுதிய தன் அறிக்கையில் வாலிபப் பாவங்களைச் சொன்னதைப் பலரும் அறிவார்கள். அதன் பத்தாம் புத்தகத்தில், ஹிப்போ நகரின் ஆயராக இருந்துகொண்டே, அப்போதும் தன்னை விடாத ஆசைகளை அவர் வரிசைப்படுத்துகிறார். எனக்கு அந்தப் பகுதியே பெரிதாகத் தோன்றுகிறது. பழைய பாவத்தைச் சொல்கிறவரைச் சபை வியந்து பார்க்கும். இன்றைய பலவீனத்தைச் சொல்கிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தன்னைத் தாழ்த்திக் கடவுள் முன் நிற்பது தமிழருக்குப் புதிதன்று. ஆழ்வாரும் நாயன்மாரும் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894இல் வெளிவந்த தம் இரட்சணிய யாத்திரிகக் காவியத்தில் அந்தப் பக்திக் குரலையே கிறிஸ்துவின் முன் கொண்டுவந்தார். கிறிஸ்தவ சாட்சி இதனோடு இன்னொன்றையும் கேட்டது. தான் கடையன் என்று பொதுவாகச் சொல்வதோடு நிற்காமல், எதில் விழுந்தேன், யாருக்குத் தீங்கு செய்தேன் என்று பெயரிட்டுச் சொல்லச் சொன்னது. எங்கே, யார் முன்னே, எவ்வளவு சொல்வது என்பதில்தான் பள்ளிகள் பிரிந்தன.

கத்தோலிக்கர் இதில் மூத்தவர்கள். முதல் நூற்றாண்டுகளில் பெரும்பாவம் செய்தவர் சபையறியத் தவம் செய்த வழக்கம், காலப்போக்கில் குருவின் காதோடு நிற்கும் பாவசங்கீர்த்தனமாக மாறியது. ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைச் செய்ய வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. கேட்டதை வெளியிடும் குரு சபைவிலக்குக்கு ஆளாவார். ஜொகூர் பாருவின் அமல உற்பவ அன்னை ஆலயம் 1883 முதல் இருக்கிறது. 1972இல் மலாக்கா-ஜொகூர் தனி மறைமாவட்டமாயிற்று. தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டில் கேட்கும். அப்படி வாழ்ந்த ஒரு தாய்க்கு, சொன்னது எங்கும் போகாது என்ற உறுதியோடு பேசக் கிடைத்த இடம் அந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிதான். மேடைச் சாட்சியில் வளர்ந்த நாம் அதன் மதிப்பைச் சரியாக எடைபோட்டதில்லை.

லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லும் பொதுப் பாவ அறிக்கையை ஞாயிறு வழிபாட்டில் வைத்தன. அதில் ஒரு சமத்துவம் உண்டு. தோட்டத்துக் கிராணியும் புல்வெட்டும் தொழிலாளியும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். ஆனால் அதில் ஒளிந்துகொள்ளவும் முடியும். ஜெர்மனியில் 1675இல் ஸ்பேனர் வீடுகளில் கூடும் சிறு வட்டங்களை வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பக்தி இயக்கத்தின் பிள்ளைகளாகத்தான் சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார்கள். மலேசியாவின் தமிழ் லுத்தரன் சபை அந்த வழியில் வந்தது.

மெதடிஸ்டுகளிடம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஜான் வெஸ்லி 1738 கிறிஸ்துமஸ் நாளில், 'பேண்ட்' என்ற சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். வாரம் ஒருமுறை கூடி, போன சந்திப்புக்குப் பின் செய்த பாவத்தையும் வந்த சோதனையையும் ஒவ்வொருவரும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, மணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் தனித்தனி. இந்தப் பிரிப்பில் ஆழ்ந்த மனித அறிவு இருக்கிறது. கணவன் அடிப்பதைச் சொல்ல வேண்டிய பெண் கணவனின் அண்ணன் முன் எப்படிப் பேசுவாள்? 1742இல் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று வாரம் ஒரு பென்னி வசூலிக்க ஏற்பாடு செய்தார்கள். வீடு வீடாகப் போன தலைவர்கள் காசோடு துயரக் கதைகளையும் கேட்டுவந்தார்கள். வகுப்புக் கூட்டம் பிறந்தது இப்படித்தான். பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டாம் 1885இல் சிங்கப்பூரில் தொடங்கிய மெதடிஸ்ட் ஊழியம் நீரிணை கடந்து இங்கே வந்தது, பின்னர் தமிழருக்கென்றே தனி மாநாடும் அமைந்தது. நம் மெதடிஸ்ட் சபைகளில் இன்று செல் குழுக்கள் உண்டு, பாடலும் வேதபாடமும் உண்டு. வெஸ்லியின் குழுக்களில் நடந்த அந்த ஒளிவில்லாத அறிக்கை மட்டும் வழக்கொழிந்துவிட்டது. என் கணிப்பில், நம் சபைகள் இழந்தவற்றுள் பெரிய இழப்பு இதுதான்.

எழுப்புதல் பள்ளியின் தமிழ்த் தலைமகன் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810-1867). மிஷனரி ரேனியஸிடம் பயின்றவர். எந்த மிஷன் சம்பளமும் வாங்காமல், அன்றைய திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்டியான்பேட்டை என்ற குடியிருப்பை உண்டாக்கினார். 1860இல் அங்கே எழுந்த எழுப்புதலில் மக்கள் மார்பில் அடித்து அழுதார்கள், நடுங்கி விழுந்தார்கள், பாவங்களை வாய்விட்டு அறிக்கையிட்டார்கள். பெந்தெகொஸ்தே இயக்கம் உலகில் பரவுவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே, ஒரு தமிழ் ஊழியரின் கீழ், தமிழ் மொழியில் இது நடந்தது. அருளப்பன் எழுதி வைத்த நாட்குறிப்பின் வழியாகவும் இது நமக்குத் தெரிகிறது. அவர் பெயரை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

அதன் பின் பல நாடுகளில் இதே தீ எரிந்தது. கொரியாவின் வொன்சானில் 1903இல் கனடாவைச் சேர்ந்த மிஷனரி ராபர்ட் ஹார்டி, தன் ஊழியம் பலனற்றுப் போனதற்குத் தன் பெருமையும் கடின உள்ளமுமே காரணம் என்று கொரியச் சபையார் முன் ஒப்புக்கொண்டார். 1907இல் பியோங்யாங்கில் நடந்த பெரும் எழுப்புதலுக்கு அது வித்தானது. இந்தியாவின் கேட்காவில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி இல்லத்துப் பெண்கள் 1905இல் அழுதார்கள். 1930களில் ருவாண்டாவின் கஹினியில் தொடங்கிய கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதலில் வெள்ளைக்கார மிஷனரிகள் ஆப்பிரிக்கரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். 'உடைக்கப்படுதல்' என்று இன்று நம் பிரசங்கங்களில் கேட்கும் பேச்சு, அந்த எழுப்புதலில் இருந்தவர்களிடம் கற்றதை ராய் ஹெஷன் 1950இல் புத்தகமாக்கியதன் வழியாகப் பெரிதும் பரவியது. நமக்கு மிக அருகில் சிங்கப்பூரில், 1935இல் சீன நற்செய்தியாளர் ஜான் சுங் நடத்திய கூட்டங்களில் சீனக் கிறிஸ்தவர்கள் தங்கள் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார்கள்.

பெந்தெகொஸ்தே மேடைச் சாட்சியைத் தமிழருக்குப் பழக்கப்படுத்தியவர்களுள் டி.ஜி.எஸ். தினகரன் (1935-2008) முக்கியமானவர். இளமையில் வறுமையிலும் விரக்தியிலும் ரயில் பாதையில் உயிரை விடப் போனதை அவர் ஆயிரக்கணக்கானோர் முன் திரும்பத் திரும்பச் சொன்னார். தற்கொலை என்ற சொல்லையே குடும்பங்கள் மூடி மறைத்த காலத்தில் அது சாதாரணத் துணிச்சல் இல்லை. 1986இல் விபத்தில் மகளை இழந்த துக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அவரைப் பின்பற்றியவர்கள் பலர் கதையின் பிற்பாதியை மட்டும் கற்றுக்கொண்டார்கள். சாட்சி என்றால் வெற்றியில் முடிய வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் இறுகியது.

இனி, இப்படிச் சாட்சி சொல்வதற்கான அளவுகோல்கள். சொல்கிறவர் தன் உடைவைத்தான் சொல்லலாம். கணவனின் குற்றத்தையோ மகளின் காதலையோ ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அவிழ்ப்பது சாட்சியாகாது. நம் சபைகளில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சம்பந்திகள். ஒரு சொல் போதும், ஒரு பெண்ணின் கல்யாணம் தடைப்படும். யாரையும் அழ வைத்துப் பேச வைப்பதும் கூடாது. வற்புறுத்திப் பெற்ற அறிக்கைக்குப் பின்னால் பல வருட மனக்கசப்பு வரும்.

அடுத்தது, நம் மாநிலத்துக்கே உரிய ஓர் அளவுகோல். செய்த பாவத்தையும் பட்ட காயத்தையும் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பல இடங்களில் நிர்வாகமே நடத்தியது. அங்கே குடித்துக் கெட்டவர் தன்னைப் பாவி என்று சாட்சி சொன்னார். கடையைத் திறந்து வைத்தவர் எந்தச் சாட்சியிலும் வரவில்லை. 1942-43இல் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாத தமிழர்களின் மனைவிகள் இந்த மாநிலத்துத் தோட்டங்களிலும் இருந்தார்கள். அவர்கள் துயரம் பாவ அறிக்கையிலும் சேராது, வெற்றிச் சாட்சியிலும் சேராது. அதனால் அது சபையில் பேசப்படாமலே போயிற்று. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது லயத்தை விட்டு மாசாய்க்கும் பாசிர் கூடாங்குக்கும் வந்த குடும்பங்களின் கதியும் அதுவே. புலம்பல் சங்கீதங்கள் இந்த மனிதர்களுக்காகவே வேதத்தில் இருக்கின்றன என்று நான் நம்புகிறேன்.

கேட்கிறவருக்கும் கடமை உண்டு. 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டு இறையியல் பள்ளியை நடத்திய ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர், தன் மாணவர்களுக்கு ஒருவரிடம் ஒருவர் பாவ அறிக்கை செய்யும் வழக்கத்தைக் கற்றுத்தந்தார். தன் உடைவை யாரிடமும் சொல்லாதவர் பிறர் உடைவைக் கேட்கத் தகுதியற்றவர் என்பது அவர் கொண்ட கருத்து. இங்கே பெண்கள் அழுது சொல்கிறார்கள், போதகர் கேட்கிறார். போதகரும் மூப்பரும் சொல்லி நான் கேட்டது மிக அரிது. ஹார்டி முதலில் சொன்னதால்தான் சபை சொன்னது.

உயிரை விட நினைத்தேன் என்று ஒருவர் சொன்னால் தனிக் கவனம் வேண்டும். மலேசியாவில் தற்கொலை முயற்சி தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி 2023 வரை குற்றம், ஓராண்டு வரை சிறைக்கு இடமிருந்தது. அந்தப் பிரிவு இப்போது நீக்கப்பட்டுவிட்டது. இனி அதைச் சொல்ல யாரும் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. சபைக்கு அஞ்சும்படி நாம் வைக்கக் கூடாது. ஜெபத்தோடு மருத்துவரிடமும் அவரை உடனே அழைத்துச் செல்ல வேண்டும்.

போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் என் விண்ணப்பம் இது. மாதத்தில் ஒரு சாட்சி நேரத்தை, இன்னும் விடுதலை காணாதவர்களுக்கென்று ஒதுக்குங்கள். முதல் மாதம் நீங்களே பேசுங்கள். வாரநாளில் ஐந்தாறு பேர் மட்டும் கூடும் குழுக்களை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, மறுபடி தொடங்குங்கள். அங்கே கேட்டது வெளியே போகாது என்று ஒவ்வொருவரிடமும் வாக்கு வாங்குங்கள். ஒருவர் பேசி முடித்ததும் புத்தி சொல்லாதீர்கள், வசனத்தால் அவசரமாக மூடாதீர்கள். அவரோடு சேர்ந்து முழங்கால் போடுங்கள், அடுத்த வாரம் மறக்காமல் அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.